பெட்டிக்குள் அடைபட்ட காற்று

வானத்தில் இடி முழங்குகிறது. அம்முழக்கத்தைச் செவி கேட்கிறது; அதே நேரத்தில் நெஞ்சும் அதனை உணர்கிறது. சாளரக் கதவுகள் நடுங்குகின்றன. அடுக்களையில் அடுக்கி வைத்த கலங்கள் மெல்ல ஒலிக்கின்றன. பெருமுரசு அறையும்போதும் இந்நிலையைக் காணலாம். இவ்வாறு செவியோடு நில்லாது உடலையும் தீண்டும் ஒலியே தாழ்ந்த ஒலியாகும். 'தாழ்ந்த' என்னும் சொல் ஈண்டு வலிமை குறைந்த ஒலியைக் குறிப்பதன்று. சுருதியில் தாழ்ந்த ஒலியைக் குறிப்பதாகும்.

இதே இடியோசையைப் பதிவு செய்து, கைப்பேசியில் ஒலிக்கச் செய்து கேளுங்கள். வானை அதிரவைத்த முழக்கம், தகரத்தைத் தட்டிய ஓசை போலச் சுருங்கிவிடும். இசை நிகழ்ச்சியின் பதிவும் அவ்வாறே. குழலும் குரலும் தெளிவாகக் கேட்கும். முழவின் அடியொலி மட்டும் மறைந்து போகும். மறைந்த அப்பகுதியை மீட்டுத் தருவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கி ஒன்று உண்டு. அதனைச் 'சப்வூஃபர்' என்பர்; நாம் தாழொலிபெருக்கி எனலாம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிலநடுக்கத்தைப் பற்றிய 'எர்த்குவேக்' என்னும் திரைப்படம் வெளிவந்தபோது, அரங்குகளில் மிகப் பெரிய தாழொலிபெருக்கிகளை வைத்துப் பார்ப்போர் உடலிலும் அதிர்வு தோன்றச் செய்தனர். இன்றோ அக்கருவி வீடுகளிலும் இடம் பெற்றுள்ளது. மரவேலையில் பழக்கமும் கணக்கில் கருத்தும் உடைய ஒருவர் அதனைத் தம் கையாலேயே செய்துகொள்ளலாம். அதற்கு முதலில் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று என்ன செய்கிறது என்பதே அது.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு வினாடியில் எத்தனை முறை காற்று அதிர்கிறதோ, அந்த எண்ணிக்கையை அதிர்வெண் என்பர். வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலிகளை மனிதச் செவி கேட்கவல்லது. முதுமையில் இவ்வெல்லை சுருங்கும். தாழொலிபெருக்கி ஒலிக்க வேண்டுவது இவற்றுள் மிகத் தாழ்ந்த பகுதியாகும். அஃதாவது, ஏறத்தாழ 20 முதல் 80 அதிர்வுகள் வரை உள்ள பகுதி.

ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஆகவே 1,000 அதிர்வுள்ள ஒலியின் அலை 34 சென்டிமீட்டர் நீளமே உடையது. 40 அதிர்வுள்ள ஒலியின் அலையோ எட்டரை மீட்டர் நீளம் உடையது. அவ்வலை ஒரு வகுப்பறையின் நீளத்தை ஒத்தது. அவ்வளவு பெரிய அலையை எழுப்ப மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும் அன்றோ? அதிர்வெண் பாதியாகும்போது, ஒலியின் வன்மை குறையாதிருக்க, காற்றைத் தள்ளும் பரப்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 80 அதிர்வுக்கு ஒரு மில்லிமீட்டர் அசைந்தது, 40 அதிர்வுக்கு 4 மில்லிமீட்டரும், 20 அதிர்வுக்கு 16 மில்லிமீட்டரும் அசைய வேண்டும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி இதற்கு எங்ஙனம் ஈடு கொடுக்கும்? தாழ்ந்த ஒலி அதில் மறைவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

கூம்பின் முன்னும் பின்னும்

ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு காந்தமும், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருளும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசையும். அதனோடு ஒட்டிய தாள் கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளும். இம்முறையில் நன்கு இயங்கும் ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூறு ஆண்டுகளாகியும் அதன் அடிப்படை மாறவில்லை.

இக்கூம்பு முன்னே நகரும்போது, முன்னுள்ள காற்று நெருக்கமுறுகிறது. அதே கணத்தில் பின்னுள்ள காற்று தளர்வுறுகிறது. ஆகவே கூம்பின் முன்புறம் ஓர் அலையும், பின்புறம் அதற்கு நேர்மாறான ஓர் அலையும் எழுகின்றன. நீரில் கையை மெல்ல அசைத்துப் பாருங்கள். கைக்கு முன்னுள்ள நீர், கையின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு பின்புறம் சென்றுவிடும், அலை எழாது. தாழ்ந்த ஒலியிலும் இதுவே நிகழ்கிறது. முன்னெழுந்த நெருக்கம் கூம்பின் விளிம்பைச் சுற்றிச் சென்று பின்னுள்ள தளர்வை நிரப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதனை நீங்களே சோதித்து அறியலாம். பழைய வானொலியிலிருந்து எடுத்த ஒலிபெருக்கி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். ஓசை மெலிந்து கீச்சென்று கேட்கும். பின்னர்ப் பெரிய அட்டை ஒன்றின் நடுவே கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, ஒலிபெருக்கியை அதன்மீது அழுத்திப் பிடியுங்கள். அந்த நொடியிலேயே பாட்டு தடித்து ஒலிக்கும். புதிதாக எதையும் நாம் சேர்க்கவில்லை. முன்னலையும் பின்னலையும் கூடாதவாறு இடையில் ஒரு தடுப்பை வைத்தோம், அவ்வளவே. அத்தடுப்பை நாற்புறமும் மடித்துப் பின்புறத்தை முற்றும் மூடிவிட்டால் அதுவே பெட்டியாகும்.

தடையாய் நின்ற காற்று

பெட்டி செய்தவுடன் வேறோர் இடர் தோன்றுகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு, கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். கைப்பிடி சிறிது தாழ்ந்து, பிறகு எதிர்த்து நிற்கும். விட்டால் மேலே எழும். அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போன்றது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் கூம்பை அவ்வாறே எதிர்க்கும். பெட்டி சிறிதாகுந்தோறும் எதிர்ப்பு மிகும். எதிர்ப்பு மிகுந்தோறும் தாழ்ந்த ஒலி குறையும். ஆதலின், முற்காலத்தில் நல்ல தாழ்ந்த ஒலி வேண்டியோர் துணி அலமாரியை ஒத்த பெரும்பெட்டிகளைச் செய்துவந்தனர். காற்றைத் தடையென்று கருதி, அதனின்று விலகுவதற்காகவே பெட்டியைப் பெரிதாக்கினர்.

இந்நிலையை மாற்றியவர் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர். கல்லூரியில் அவர் பயின்றது கலைத்துறையே. இரண்டாம் உலகப் போரின்போது படையில் பணியாற்றுகையில் மின்னணுக் கருவிகளைப் பேணும் தொழிலைக் கற்றார். போர் முடிந்தபின் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றை நடத்தினார்; நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவும் ஒலிபெருக்கமும் பற்றி வகுப்பும் எடுத்தார். ஒலிபெருக்கியின் குறை எங்கே உள்ளது என்பதை அவர் அளந்து ஆராய்ந்தார்.

கூம்பை இடத்தில் நிறுத்துவன, அதன் விளிம்பிலும் நடுவிலும் உள்ள தாளாலும் துணியாலும் ஆன பிடிப்புகள். கூம்பு சிறிதளவு அசையும்போது அவை இணங்குகின்றன; மிகுதியாக அசையும்போது விறைத்து இழுக்கின்றன. அதனால் தாழ்ந்த ஒலி உருக்குலைகிறது. அடைபட்ட காற்றோ அத்தகையதன்று. கூம்பு ஒரு பங்கு அசைந்தால் ஒரு பங்கும், இரண்டு பங்கு அசைந்தால் இரண்டு பங்குமாக, ஏறத்தாழ ஒரே சீராக எதிர்க்கிறது. இதனைக் கண்ட வில்ச்சர் இவ்வாறு எண்ணினார்: 'காற்று நல்ல வில்லாயின், அதனை விலக்குவானேன்? தீய வில்லாகிய விளிம்பை நெகிழ்த்திவிட்டு, நல்ல வில்லாகிய காற்றிடமே அவ்வேலையை ஒப்படைத்தால் என்ன?'

வுட்ஸ்டாக் என்னும் சிற்றூரில் இருந்த தம் வீட்டிலேயே அவர் இதனைச் செய்து பார்த்தார். 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றின் விறைத்த விளிம்பை வெட்டியெடுத்து, அதற்கு ஈடாக நெகிழ்ந்த துணி வளையம் ஒன்றைப் பொருத்தினார். அவ்வேலையில் அவர்தம் மனைவியாரும் துணை நின்றார். அதனைச் சிறிய பெட்டியில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி ஒலிக்கச் செய்தபோது, அலமாரியளவுப் பெட்டிகள் தரும் ஒலியினும் தெளிவான தாழ்ந்த ஒலி எழுந்தது. ஒலிபெருக்கி செய்யும் தொழிலகத்தார் சிலரிடம் இக்கருத்தை எடுத்துரைத்தார், அவர்கள் ஏற்கவில்லை. மனந்தளராத வில்ச்சர், தம் மாணவராயிருந்த ஹென்றி கிளாஸ் என்பாரோடு சேர்ந்து, 1954ஆம் ஆண்டில் மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தாமே ஒரு தொழிலகம் தொடங்கினார். புத்தக அடுக்கில் வைக்கத்தக்க சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலி வருவதைக் கேட்டோர் வியந்தனர். 1956ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

கணக்கு வழிகாட்டுகிறது

வில்ச்சர் கண்ட வழியில் யாவரும் செல்லத்தக்க ஒரு கணக்கு முறையைப் பின்வந்தோர் வகுத்தனர். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பார் 1961ஆம் ஆண்டிலும், ரிச்சர்டு ஸ்மால் என்பார் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகளே அதற்கு அடிப்படை. ஒவ்வோர் ஒலிபெருக்கியின் இயல்பையும் சில எண்களால் கூறிவிடலாம் என்று அவர்கள் காட்டினர். நமக்கு இன்றியமையாதவை மூன்று. முதலாவது, பெட்டியின்றித் தனித்து நிற்கும்போது கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண். இரண்டாவது, அதன் பிடிப்புகளின் விறைப்பை எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்கு ஒப்பிடலாம் என்னும் காற்றளவு. மூன்றாவது, அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண். இம்மூன்றையும் விற்போர் ஒரு தாளில் அச்சிட்டுத் தருவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நாம் வாங்கிய 12 அங்குல ஒலிபெருக்கியின் இயல்பு அதிர்வெண் 22. காற்றளவு 120 லிட்டர். அடங்கலைக் காட்டும் எண் 0.35 எனக் கொள்வோம். அதனை 40 லிட்டர்ப் பெட்டியில் வைப்பதாயின், 120ஐ 40ஆல் வகுக்க 3 வரும். அதனோடு 1 கூட்ட 4. அதன் வர்க்கமூலம் 2. இந்த இரண்டால் அதிர்வெண்ணையும் அடங்கல் எண்ணையும் பெருக்க வேண்டும். அதிர்வெண் 44 ஆகும். அடங்கல் எண் 0.70 ஆகும். அடங்கல் எண் 0.7ஐ ஒட்டியிருப்பின் ஒலி கூடாமலும் குறையாமலும் சமமாக இருக்கும் என்பது கற்றோர் துணிபு. ஆதலின் 40 லிட்டர்ப் பெட்டி இதற்குத் தக்கது.

இடம் போதாதென்று 10 லிட்டர்ப் பெட்டி செய்தால் யாது நேரும்? அதே கணக்கைச் செய்து பாருங்கள். அதிர்வெண் 79க்கு உயரும். அடங்கல் எண் 1.26 ஆகும். அப்பெட்டியில் ஆழ்ந்த ஒலி எழாது. எந்த இசையை ஒலிக்கச் செய்தாலும் 'பொம் பொம்' என்னும் ஒரே முழக்கம் மேலெழுந்து நிற்கும். பலகையை வெட்டிய பிறகு இதனை அறிவதினும், தாளில் எழுதிப் பார்த்து முன்னரே அறிவது நன்று.

பெட்டி செய்யும் முறை

உட்புறம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 சென்டிமீட்டர் ஆயின், கொள்ளளவு ஏறத்தாழ 43 லிட்டர் ஆகும். ஒலிபெருக்கியின் உடலும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டமும் 3 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், எஞ்சுவது 40. பலகை 18 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள ஒட்டுப்பலகையாக இருத்தல் வேண்டும். முன், பின் பலகைகள் இரண்டும் 38.6 சென்டிமீட்டர்ச் சதுரம்; மேல், கீழ்ப் பலகைகள் 38.6க்கு 35, பக்கப் பலகைகள் 35 சென்டிமீட்டர்ச் சதுரம். முன்பலகையில் ஒலிபெருக்கிக்கு உரிய வட்டத் துளையை, உடன் வந்த தாளில் குறித்த விட்டத்திற்கே அறுக்க வேண்டும். இரம்பம் பிடித்துப் பழகாதவர் இவ்வேலையைத் தச்சரிடம் விடுவதே முறை. அறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் வேண்டும். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.

தடித்த பலகை எதற்கு என்று சிலர் வினவலாம். 12 அங்குலக் கூம்பு ஒரு சென்டிமீட்டர் அசைந்தால், அரை லிட்டர்க் காற்றை நெருக்குகிறது. 40 லிட்டர்ப் பெட்டியில் அந்நெருக்கம் ஒவ்வொரு பக்கப் பலகையின்மீதும் 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையை வைத்தாற்போன்ற அழுத்தத்தைத் தரும். ஒரு வினாடியில் நாற்பது முறை அவ்வெடையை ஏற்றியும் இறக்கியும் வைத்தால், மெல்லிய பலகை தானும் ஒரு கூம்புபோல் ஆடத் தொடங்கிவிடும். ஆடும் பலகை தன் சொந்த ஓசையை இசையோடு கலக்கும். இதனைத் தடுக்கவே தடித்த பலகையும் குறுக்குச் சட்டமும் வேண்டும்.

மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பலகைகளை மரப்பசையிட்டுத் திருகாணிகளால் இறுக்குக. பசை காய ஒரு நாள் விடுக. உட்புற மூலைகளில் எல்லாம் மீண்டும் ஒரு முறை பசை பூசுக. மின்கம்பி செல்லும் துளையையும் விட்டுவிடலாகாது. உள்ளே செயற்கைப் பஞ்சை நெருக்காமல் பரப்பி வைத்தால், காற்று சற்றே நெகிழ்ந்து, பெட்டி சிறிது பெரிதானது போல் இயங்கும். ஒலிபெருக்கியின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே நுரைப்பட்டை வைத்துத் திருகுக.

இனிச் சோதனை. கூம்பின் நடுவில் விரல்களை ஒப்ப வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுக. அது உடனே துள்ளி எழாமல், தயங்கி மீளுமாயின் பெட்டி நன்கு மூடியுள்ளது என்று பொருள். ஒலிக்கும்போது 'உஸ்' என்று கேட்டால் எங்கோ கசிவு உண்டு. நனைத்த விரலை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டு சென்றால், காற்று வரும் இடம் குளிர்ந்து காட்டும். ஊசி நுழையும் அளவு கசிவும் ஓசையைக் கெடுக்கும். அடைபட்ட காற்றுதானே இங்கு வில்? ஓட்டை விழுந்த வில்லால் பயனில்லை.

பெட்டியில் குழாய் ஒன்றை வைத்துப் பின்னலையையும் பயன்படுத்தும் வேறு முறையும் உண்டு. அதில் ஒலி மிகுதியாக வரும். ஆயின் கணக்கில் நேரும் சிறு பிழையையும் அது பொறுக்காது. முதன்முறை செய்வோருக்கு மூடிய பெட்டியே ஏற்றது. மின்னொலியைப் பெருக்கும் கருவியை ஆயத்தமாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். 80 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை வடிகட்டும் அமைப்பு அதில் இருத்தல் நலம். அதன் மூடியைத் திறத்தல் கூடாது. உள்ளே பாயும் 230 வோல்ட்டு மின்சாரம் உயிரைப் பறிக்கவல்லது. மின் இணைப்புகளை அறிந்த பெரியவர் உடனிருக்கச் செய்தலே தக்கது.

எங்கே வைப்பது?

மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆகவே ஓர் அறைக்கு ஒரு தாழொலிபெருக்கியே போதும். ஆயினும் அதனை எங்கேனும் வைத்துவிடலாகாது. அலைகள் சுவர்களில் மோதி மீண்டு, அறையின் சில இடங்களில் ஒன்றோடொன்று கூடும். சில இடங்களில் அழியும். இதற்கு எளிய வழி ஒன்றைப் பயின்றோர் கையாளுகின்றனர். நாம் அமரும் இருக்கையில் பெட்டியை வைத்து ஒலிக்கச் செய்து, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேட்க வேண்டும். எவ்விடத்தில் ஒலி சீராகக் கேட்கிறதோ, அவ்விடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டு நாம் நம் இருக்கைக்குத் திரும்பலாம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நீண்ட அலையைச் சுவர் தடுக்காது. நம் வீட்டில் இனிமையாக ஒலிப்பது, அடுத்த வீட்டில் உறங்கும் குழவிக்கும் நோயாளிக்கும் சொல்லின்றி வெறும் அதிர்வாகவே சென்று சேரும். ஒலியைக் கூட்டும் திருகைத் திருப்பும் கைக்கு, அதனைக் குறைக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். மிகுந்த ஒலியை நெடுநேரம் கேட்போர் தம் செவித்திறனையும் இழப்பர். இழந்த செவித்திறன் மீள்வது அரிது.

வில்ச்சரின் வாழ்வும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1967ஆம் ஆண்டில் அவர் தம் தொழிலகத்தை விற்றுவிட்டுச் செவித்திறன் குறைந்தோருக்கு உதவும் கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவில் பெருக்கும் முறையைக் கண்டு, 1973ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. கருவி செய்வோர் யாவரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்டார். 2011ஆம் ஆண்டில், தம் 94ஆம் வயதில் அவர் மறைந்தார். இசை கேட்போருக்கு ஆழ்ந்த ஒலியைத் தந்தவர், கேளாத செவிகளுக்கும் ஒலியைத் தர முயன்றார்.

பலரும் தடையென்று விலக்கிய காற்றை, அளந்து பார்த்தவர் ஒருவர் துணையாக்கிக்கொண்டார். நம் கையால் ஒரு பெட்டியைச் செய்யும்போது, ஆறு பலகைகளுக்கு நடுவே நாம் அடைப்பது 40 லிட்டர்க் காற்று மட்டுமன்று. அக்கருத்தும் அதனுள் இருக்கிறது. முதல் முறை பெட்டி ஒலிக்கையில், பதிவில் அதுவரை கேளாதிருந்த முழவின் அடியொலி அறைக்குள் எழும். அவ்வொலி முன்னரும் பதிவில் இருந்ததே. அதனைக் கேட்கும் வழியை நாம் இப்பொழுதுதான் செய்தோம்.

பயிற்சி

1. கையில் பிடித்த ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி மெலிவது ஏன்? அட்டையில் பொருத்தியதும் அது மிகுவது ஏன்?
2. வில்ச்சர் காற்றை 'நல்ல வில்' என்று கருதியதன் காரணத்தை விளக்குக.
3. பாடத்தில் கூறிய ஒலிபெருக்கியை 15 லிட்டர்ப் பெட்டியில் வைத்தால் அதன் அதிர்வெண்ணும் அடங்கல் எண்ணும் யாவை? ஒலி எவ்வாறு இருக்கும்?
4. பெட்டியின் பலகை தடித்தும் மூட்டுகள் கசிவின்றியும் இருக்க வேண்டுவது ஏன்?
5. 'தடையே துணையாதல்' என்னும் பொருளில், நீங்கள் அறிந்த வேறொரு நிகழ்ச்சியைக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.